ஏ.ஐ. உதவியாளருக்கு விதிமுறை எழுதுவது எப்படி?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இப்போது ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "புரோகிராம் எழுதத் தெரியாவிட்டாலும் ஏ.ஐ. எழுதித் தருமாமே, உண்மையா?" உண்மைதான். தமிழிலேயே கேட்டால் கூட எழுதித் தருகிறது. ஆனால் அது எழுதித் தரும் புரோகிராம் உங்கள் ஊருக்கும் உங்கள் வேலைக்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. பொருந்த வேண்டுமானால் வேலையைத் தொடங்கும் முன் அதற்குச் சில விதிமுறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். சாப்ட்வேர் நிறுவனங்களில் எங்களைப் போன்றவர்கள் அன்றாடம் செய்யும் வேலைதான் இது. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதை எளிதாகச் செய்யலாம். எப்படி என்று தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் கணக்கு ஒன்றை எடுத்துக் கொண்டு பார்ப்போம்.

கோடிங் கைடுலைன் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழியில் கட்டளைகளை வரிசையாக எழுதுவதுதான் கோடிங். ஒரே சாப்ட்வேரைப் பத்துப் பேர் சேர்ந்து எழுதும்போது ஆளுக்கொரு முறையில் எழுதினால், பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்த முடியாது. அதனால் பெயர்களை எப்படி வைப்பது, வரியை எங்கே மடக்குவது, எதைச் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். இதற்குத்தான் கோடிங் கைடுலைன் என்று பெயர்.

இது ஏ.ஐ. வந்த பிறகு தோன்றியதல்ல. பைத்தான் மொழிக்கு 'பெப் 8' என்ற விதிமுறைத் தொகுப்பு 2001-ஆம் ஆண்டே எழுதப்பட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலுக்குத் தனியாக ஒரு விதிமுறை எழுதி வைத்தார். அதில் ஒரு டேப் என்பது 8 எழுத்து அகலம் என்பது வரை சொல்லியிருக்கிறார்.

இவை மனிதர்களுக்காக எழுதப்பட்டவை. 2021-ஆம் ஆண்டு ஜூனில் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்தது. 2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியானது. அதன் பிறகு கர்சர், கிளாட் கோட், கோடெக்ஸ் என்று வரிசையாக வந்தன. கோட் எழுதும் கை மாறியதால், கைடுலைனைப் படிக்க வேண்டியவர்களின் பட்டியலில் இயந்திரமும் சேர்ந்து கொண்டது.

ஏ.ஐ.-க்கு ஏன் சொல்ல வேண்டும்?

ஏ.ஐ. உதவியாளர் உலகம் முழுவதும் எழுதப்பட்ட ஏராளமான எழுத்துகளில் பயிற்சி பெற்றது. நீங்கள் கேட்டதற்கு அடுத்து என்ன வரக் கூடும் என்று கணித்து எழுதுவதே அதன் வேலை. எனவே நீங்கள் சொல்லாத இடத்தையெல்லாம், உலகில் அதிகம் பேர் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே நிரப்பி விடும். அதிகம் பேர் எழுதும் முறை உங்கள் ஊர் முறையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று, புதிய உரையாடலைத் தொடங்கினால் நேற்றுச் சொன்னது பெரும்பாலும் அதன் முன் இருக்காது. நடவுக்கு வெளியூரிலிருந்து வந்த கெட்டிக்கார ஆளைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். வேலை தெரியும், வேகமும் உண்டு. ஆனால் உங்கள் வயலின் வரப்பு எது, பக்கத்து வீட்டுக்காரர் வரப்பு எது என்று ஒவ்வொரு நாள் காலையிலும் காட்ட வேண்டும். அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து விட்டால் வேலை சுலபம்.

நெல் கணக்கு: எங்கெல்லாம் தவறும்?

உங்கள் வீட்டு நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால் எவ்வளவு பணம் வர வேண்டும் என்று கணக்கிட ஒரு சிறிய புரோகிராம் தேவை என்று வைத்துக் கொள்வோம். "நெல் மூட்டைக் கணக்குப் போட ஒரு புரோகிராம் எழுது" என்று மட்டும் சொன்னால் என்னென்ன நடக்கலாம் என்று பாருங்கள்.

முதலாவது, மூட்டை. கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டைக்கு 40 கிலோ நெல். ஏ.ஐ. தன் போக்கில் 50 கிலோ என்று எடுத்துக் கொண்டால் என்ன ஆகும்? 2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 75 மூட்டை என்றால் 3,000 கிலோ, அதாவது 30 குவிண்டால். வர வேண்டிய தொகை 76,350 ரூபாய். 50 கிலோ என்று கணக்கிட்டால் 95,437 ரூபாய் 50 பைசா என்று திரையில் தெரியும். 19,087 ரூபாய் 50 பைசா வித்தியாசம்! இந்தத் தொகையை நம்பி உரக்கடைக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் வாக்குக் கொடுத்து விட்டால் யார் பொறுப்பு?

இரண்டாவது, விலை. முந்தைய 2024-25 பருவத்தில் சன்ன ரகத்துக்கு 2,450 ரூபாய். ஏ.ஐ. பயிற்சி பெற்ற எழுத்துகளில் பழைய விலையே இருந்தால் அதைத்தான் எழுதும். அதே 75 மூட்டைக்கு 73,500 ரூபாய் என்று காட்டும். 2,850 ரூபாய் குறைவு.

மூன்றாவது, பருவம் தொடங்கும் நாள். தமிழகத்தில் புதிய கொள்முதல் விலை முன்பெல்லாம் அக்டோபர் 1 முதல் வந்தது. 2022-ஆம் ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குப் பதில் மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டு, குறுவை முன்கூட்டி அறுவடைக்கு வந்ததால் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் கொள்முதல் தொடங்கியது. 2025-26 பருவமும் செப்டம்பர் 1-இல்தான் தொடங்கியது. பழைய செய்திகளை மட்டும் படித்த ஏ.ஐ. அக்டோபர் என்றே எழுதக் கூடும்.

நான்காவது, தேதி. 12/6 என்று டைப் செய்தால் நமக்கு ஜூன் 12. அமெரிக்க முறையில் அது டிசம்பர் 6. தண்ணீர் திறக்கும் நாள் கதிர் முற்றும் காலத்துக்குப் போய் விடும்.

ஐந்தாவது, நில அளவு. டெல்டாவில் இன்றும் பெரியவர்கள் 'மா' கணக்கில்தான் பேசுகிறார்கள். 3 மா சேர்ந்தால் 1 ஏக்கர், 20 மா சேர்ந்தால் 1 வேலி. அதாவது ஒரு வேலி சுமார் 6 ஏக்கர் 67 சென்ட். நீங்கள் சொல்லாமல் விட்டால், ஏ.ஐ. ஏதோ ஒரு பட்டியலிலிருந்து வேறு ஊர் அளவை எடுத்துப் போட வாய்ப்புண்டு.

இவற்றில் எதற்கும் கம்ப்யூட்டர் எர்ரர் காட்டாது என்பதைக் கவனியுங்கள். புரோகிராம் நன்றாக ஓடும். பதில் மட்டும் தவறாக இருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளவு என்ன என்பதை முதலில் சொல்லி விட வேண்டும்.

எங்கே எழுதுவது?

உங்கள் புரோகிராம் இருக்கும் போல்டருக்கு புராஜெக்ட் போல்டர் என்று பெயர். அதற்குள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைலாக விதிமுறையை வைக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டு முதல் பல ஏ.ஐ. உதவியாளர்கள் பொதுவாக ஏற்றுக் கொண்ட பைல் பெயர் 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி'. ஏஜென்ட்ஸ் என்ற சொல்லை முழுவதும் கேப்பிடல் எழுத்துகளில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கோடெக்ஸ், கர்சர் போன்றவை வேலையைத் தொடங்கும் முன் இந்த பைலைத் தாமாகவே தேடிப் படிக்கும். கிளாட் கோட் என்றால் 'கிளாட் டாட் எம்டி' என்று பெயர் வைக்க வேண்டும்.

வழிமுறை இதுதான்:

1. நோட்பேட் புரோகிராமைத் திறந்து விதிமுறைகளை டைப் செய்திடுங்கள்.

2. பைல் மெனுவில் சேவ் அஸ் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் விண்டோவில் 'சேவ் அஸ் டைப்' என்ற இடத்தில் 'ஆல் பைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் பெயரின் பின்னால் டாட் டிஎக்ஸ்டி என்று சேர்ந்து கொள்ளும், ஏ.ஐ. அந்த பைலைக் கண்டுகொள்ளாது.

3. என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறி விடலாம்.

4. பைலின் முழுப்பெயர் தெரியவில்லையா? விண்டோஸ் 11-இல் போல்டரைத் திறந்து, வியூ மெனுவில் ஷோ சென்று, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்திடுங்கள்.

பிரவுசரில் சாட்ஜிபிடி போன்ற தளத்தில் மட்டும் பயன்படுத்துபவர்கள், இதே விதிமுறையைக் காப்பி செய்து ஒவ்வொரு புதிய உரையாடலின் தொடக்கத்திலும் பேஸ்ட் செய்தால் போதும்.

என்ன எழுதுவது?

நெல் கணக்கு புரோகிராமுக்கான மாதிரி இதோ. உங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளுங்கள்.

1. இது தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு வீட்டு உபயோகத்துக்கான நெல் விற்பனைக் கணக்கு. பயன்படுத்துபவருக்கு கோடிங் தெரியாது. திரையில் வரும் எல்லாச் செய்திகளும் எளிய தமிழில் இருக்க வேண்டும்.

2. கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. தனியார் வியாபாரி மூட்டையின் எடையைப் பயன்படுத்துபவரிடம் கேட்க வேண்டும், நீயாக ஊகிக்காதே.

3. குவிண்டால் என்பது 100 கிலோ. 3 மா என்பது 1 ஏக்கர். 20 மா என்பது 1 வேலி.

4. விலை, ஊக்கத்தொகை, ஈரப்பத அளவு, பருவம் தொடங்கும் நாள் ஆகியவற்றைக் கோடுக்குள் எழுதாதே. 'விலை' என்ற தனி பைலிலிருந்து படி. அந்தப் பருவத்துக்கு விலை இல்லையென்றால் பழைய விலையைப் போடாமல், நிறுத்தி விட்டுக் கேள்.

5. தேதி எப்போதும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில். தொகை 1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளியுடன்.

6. பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக் கணக்கிடு.

7. பைலை அழிப்பதற்கோ, பழைய பதிவை மாற்றுவதற்கோ முன் என்னிடம் கேள்.

8. வெளியிலிருந்து எந்த பேக்கேஜையும் என் அனுமதி இல்லாமல் சேர்க்காதே.

9. வேலை முடிந்ததும் இந்தச் சோதனையை ஓட்டிக் காட்டு: 2025-26 பருவம், சன்ன ரகம், 75 மூட்டை. விடை 76,350 ரூபாய் வர வேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்கு விளக்கம் தேவை.

நான்காவது விதியில் ஈரப்பதம் ஏன் வந்தது? கொள்முதலுக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். ஆனால் 2022 அக்டோபரில் மழையால் நெல் நனைந்தபோது மத்திய அரசு 19 சதவீதம் வரை தளர்த்தியது. அரசாணை வந்தால் மாறும் எண்ணைக் கோடுக்குள் புதைத்து வைத்தால், மாறும்போது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தனி பைலில் இருந்தால் நோட்பேடில் திறந்து நீங்களே மாற்றி விடலாம்.

ஆறாவது விதி வேடிக்கையாகத் தோன்றலாம். பெரும்பாலான கம்ப்யூட்டர் மொழிகளில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். தசமப் பின்னங்களைக் கம்ப்யூட்டர் இரும எண்ணாக மாற்றி வைப்பதால் வரும் சிறு பிழை இது. ஒரு ரசீதில் தெரியாது. பல ரசீதுகளைக் கூட்டும்போது பைசா இடிக்கும். முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

எட்டாவது விதி பாதுகாப்புக்கானது. ஏ.ஐ. சில சமயம் உலகில் இல்லாத பேக்கேஜ் பெயரைக் கூட இருப்பது போல எழுதி விடும். அந்தப் பெயரில் கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் வைரஸை வைத்து விட்டால், அது உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து விடும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு விதி

ரசீதில் பெயருக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கும்போது ஒரு சிக்கல் வரும். 'தஞ்சாவூர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, ஞ், சா, வூ, ர் என்று ஐந்து. ஆனால் யூனிகோடில் புள்ளியும் காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால் பைத்தான் போன்ற மொழிகளில் இதன் நீளம் 9 என்று வரும். இப்படி எண்ணி வெட்டினால் புள்ளி ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போய், பெயர் சிதைந்து அச்சாகும்.

எனவே, "தமிழ்ச் சொற்களின் நீளத்தை யூனிகோட் குறிகளால் எண்ணாதே, எழுத்துகளால் எண்ணு. பெயரை எழுத்தின் நடுவில் வெட்டாதே" என்று ஒரு வரி சேர்த்து விடுங்கள். பைத்தானில் இதற்கென்றே 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லலாம்.

எழுதி வைத்தால் போதுமா?

போதாது. விதிமுறை என்பது அறிவுரை, பூட்டு அல்ல. இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் ஏ.ஐ. உதவியாளரைக் கொண்டு சாப்ட்வேர் உருவாக்கிக் கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தும், அது உண்மையான தகவல்கள் இருந்த டேட்டாபேஸை அழித்து விட்டது. நிறுவனத்தின் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, பரிசோதனைக்கான டேட்டாபேஸையும் உண்மையான டேட்டாபேஸையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

பாடம் என்ன? மாடு மேயக் கூடாது என்று பலகை வைப்பதோடு வேலியும் போட வேண்டும். உண்மையான கணக்கு பைலை வேறு போல்டரில் வையுங்கள். ஏ.ஐ. வேலை செய்யும் போல்டரில் கற்பனைப் பெயர்கள் கொண்ட நகல் மட்டும் இருக்கட்டும். பென் டிரைவில் ஒரு பேக்கப் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்து விடுங்கள்.

கொள்முதல் தொடர்பான பைல்களில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சிட்டா விவரம் எல்லாம் இருக்கும். நீங்கள் ஏ.ஐ.-க்குக் கொடுக்கும் விவரம் பெரும்பாலும் இன்டர்நெட் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. 12 இலக்க ஆதார் எண்ணை எக்காரணம் கொண்டும் அதில் பேஸ்ட் செய்யாதீர்கள். சோதனைக்குப் பொய் எண்ணே போதும்.

பெரிய புராஜெக்டுகள் என்ன செய்கின்றன?

எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஜென்டூ லினக்ஸ் குழு 2024 ஏப்ரலில், ஏ.ஐ. எழுதிய கோடை ஏற்பதில்லை என்றே தீர்மானம் போட்டது. லினக்ஸ் கெர்னல் குழு வேறு வழியில் சென்றது. ஏ.ஐ. உதவியைப் பயன்படுத்தலாம், ஆனால் அதைக் குறிப்பிட வேண்டும், "இது என் பொறுப்பு" என்று கையொப்பமிடும் வரியை மனிதர் மட்டுமே சேர்க்கலாம், ஏ.ஐ. சேர்க்கக் கூடாது என்று அதன் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கணக்குக்கும் இதுவே பொருந்தும். எடை போடும் இடத்தில் தொகை இடித்தால், "ஏ.ஐ. சொன்னது" என்று யாரிடமும் சொல்ல முடியாது.

விதிமுறை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

* "நன்றாக எழுது", "கவனமாக இரு" என்பவை விதிகளே அல்ல. சரிபார்க்க முடிந்ததை எழுதுங்கள். "ஒவ்வொரு பங்ஷனும் 40 வரிக்குள்" என்றால் எண்ணிப் பார்க்கலாம்.

* ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். விதிகள் கூடக் கூட ஏ.ஐ. சிலவற்றைக் கவனிக்காமல் விட்டு விடும் வாய்ப்பும் கூடும்.

* ஒன்றுக்கொன்று முரணாக எழுதாதீர்கள். ஓரிடத்தில் "எல்லாம் தமிழில்" என்றும் இன்னோரிடத்தில் "செய்திகள் ஆங்கிலத்தில்" என்றும் இருந்தால் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

* முடிந்த இடங்களில் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். "விலை ஆண்டுதோறும் மாறும், ஆகவே தனி பைலில் வை" என்றால், நீங்கள் எழுத மறந்த இடங்களிலும் அதே முறையைப் பின்பற்றும் வாய்ப்பு அதிகம்.

* ஒரு தவறு இரண்டாம் முறை வந்தால், உடனே அதற்கு ஒரு விதி சேர்த்து விடுங்கள். பயன்படாத விதியை நீக்கி விடுங்கள்.

* தமிழிலேயே எழுதலாம், பெரிய ஏ.ஐ.-கள் புரிந்து கொள்கின்றன. ஆனால் கோடுக்குள் வரும் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தால் வேறொருவர் திருத்தும்போது எளிது.

இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதலில் மூட்டை எடை, விலை, தேதி ஆகிய மூன்றுக்கு மட்டும் விதி எழுதி ஏ.ஐ.-யிடம் கொடுங்கள். புரோகிராம் வந்ததும், கையில் இருக்கும் ஒரு பழைய கொள்முதல் ரசீதின் மூட்டை எண்ணிக்கையையும் அந்தப் பருவத்து விலையையும் கொடுத்துப் பாருங்கள். ரசீதில் இருக்கும் தொகையும் திரையில் வரும் தொகையும் பைசா சுத்தமாக ஒத்துப் போனால் மட்டுமே அடுத்த கணக்கை அதில் ஏற்றுங்கள்.